அம்மா கழித்துப்போட்ட பலகைகள்

அம்மா இறந்த வாரம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். பாவம். விரல் போச்சு, பாவம். புருஷனும் சீக்கிரம் போயிட்டார், பாவம். கடைசி வரைக்கும் தனியாவே இருந்தாங்க, பாவம்.

நான் வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அம்மா மரப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தாள். மோட்டார், பம்பு, கியர் என்று கப்பலேறும் சரக்கை அடைத்து அனுப்பும் கனமான பெட்டிகள். முதலில் ஆணி அடித்தாள். பிறகு பலகை பார்க்கும் வேலைக்கு வந்தாள். மேசை மேல் பலகையை வைத்து, முஷ்டியை மடக்கி ஒரு தட்டு. ‘தொப்’ என்றால் நல்ல பலகை, உள்ளே போகும். ‘ணங்’ என்று சத்தம் எழுந்தால் கழிவு. அது மெலிந்தது, அளவுக்கு மீறிக் காய்ந்தது, ஆணி இறங்கினால் பிளக்கும். கதவுக்குப் பக்கத்தில் கிடக்கும் குவியலில் அதை வீசிவிட வேண்டும். விறகு வேண்டியவர்கள் எடுத்துப்போவார்கள்.

வருடக்கணக்காக அம்மா இதைத்தான் செய்தாள். வீட்டிலும் கை சும்மா இருக்காது. ஸ்டூல், அலமாரிக் கதவு, என் பரீட்சை அட்டை, எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பாள். ஒருமுறை என் தலையைத் தட்டிப் பார்த்து, “தொப்புன்னுதான் கேக்குது, பாஸாயிடுவ,” என்றாள். பாஸானேன். இன்று பாலங்களுக்குக் கணக்குப் போடும் வேலையில் இருக்கிறேன்.

ஆள் குறைந்த நாட்களில் அம்மாவை வட்ட ரம்பத்தில் நிற்க வைப்பார்கள். அந்த ரம்பத்தின் மேல்மூடியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். மூடி இருந்தால் வேலை ஓடாதாம். அப்படி ஒரு நாளில் அம்மாவின் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போயின.

கட்டுப் பிரித்ததும் அம்மா கம்பெனிக்குப் போனாள். மேனேஜர், உங்கள் கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதியாகிவிட்டது என்றார்.

“யாரோட கவனக்குறைவு சார்? மூடியைக் கழட்டினவங்களோடதா, விரலைக் கழட்டிக்கிட்ட என்னோடதா?”

இனிமேல் இந்தப் பெண்ணைக் கேட்டுக்குள் விடக்கூடாது என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுப்பவர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். தினமும் அமுக்க வேண்டும்.

“அமுக்கினா என்ன கிடைக்கும் தம்பி?”

“பலம் கிடைக்கும்மா.”

“பலத்தை வச்சு?”

“இன்னும் கொஞ்சம் கெட்டியான பந்து தருவேன்.”

அம்மா பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் மாமா வந்தார். அம்மாவின் ஒரே அண்ணன். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். மாமாவுக்கு மனிதர்களும் சரக்குதான். யாரை எங்கே ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவுக்கு ஐம்பது தாண்டியும் அவர் வாயில் அவள் பாப்பாதான்.

“பாப்பா, ஒத்தைக் கையை வச்சுக்கிட்டு நீ தனியா என்ன பண்ணுவ? இவளும் வேலை வேலைன்னு ஊர் சுத்தறா. என் வீட்டு மாடியில ரூம் சும்மாதான் கிடக்கு. வந்து பேசாம உட்காரு.”

“பேசாம உட்கார்றதுக்கு மாடி எதுக்குண்ணா? இங்கேயே உட்கார்றேனே.”

“ஒரு பாட்டில் மூடியைத் திறக்க முடியுமா உன்னால?”

“உன்னாலயும் முடியாது. அண்ணிதான் திறந்து தர்றாங்க.”

மாமா சிரிக்கவில்லை. முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். இந்த வீட்டைப் பூட்டுவது, யாரையாவது குடிவைப்பது, அம்மாவை அழைத்துப்போவது. இரண்டு அறையும் ஒரு பின்கட்டும்தான் இந்த வீடு. அப்பா போன பிறகு அம்மா தனியாகவே என்னை வளர்த்த வீடு.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் போனைக் கேட்டாள். அன்று காலை நான் அவளுக்கு ஒரு வீடியோ காட்டியிருந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு பெண் உகுலேலே வாசிக்கிறாள். கிட்டாரின் குட்டி மாதிரி, மடியில் அடங்கும் வாத்தியம். அம்மா அதை மறுபடி ஓடவிட்டாள்.

“இதுல எத்தனை நரம்பு?”

“நாலும்மா.”

இடது கையை விரித்துப் பார்த்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்.

“அண்ணா, இந்தக் கையால இதுல நான் ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டினா, அதுக்கப்புறம் நீ மாடி ரூம் பேச்சையே எடுக்கக் கூடாது.”

“நீயா? சாப்பாட்டுத் தட்டைத் தவிர நீ எதைத் தட்டியிருக்க?”

“பலகையைத் தட்டியிருக்கேன்.”

“சரி. வாசிக்க முடியலைன்னா?”

“பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடறேன். மாடியில குந்திக்கிட்டு உன் பேரன் பேத்திங்க சட்டையை எல்லாம் மடிச்சு வைக்கிறேன்.”

மாமா சம்மதித்தார். தோற்பாள் என்று அவருக்கு நிச்சயம். உண்மையைச் சொன்னால் எனக்கும்தான்.

அம்மாவை ஒரு வாத்தியக் கடைக்கு அழைத்துப் போனேன். விற்பனைக்கு இருந்ததை எல்லாம் பிடித்துப் பார்த்தாள். கழுத்து அவள் பிடியில் நிற்கவில்லை. சுண்டு விரல் இல்லாத உள்ளங்கையில் அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. கடைக்காரர் இடது வலது மாற்றிப் பிடிக்கச் சொன்னார்.

“மாத்திப் பிடிச்சா பந்தயமே கிடையாதுங்க,” என்றாள். வெளியே வந்ததும் என்னிடம், “எல்லாம் பத்து விரல்காரன் பத்து விரல்காரனுக்குச் செஞ்சது. என் கைக்கு நான்தான் செய்யணும்,” என்றாள்.

மறுநாள் கம்பெனி வாசலுக்குப் போனோம். கழிவுப் பலகைக் குவியல் கம்பிக் கேட்டுக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் கிடந்தது. வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

“அக்கா, உங்களை உள்ள விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“நான் எங்கப்பா உள்ள வந்தேன்? கைதான் வருது.”

“கையும் வரக் கூடாதுக்கா.”

“ஏற்கனவே ரெண்டு விரல் உள்ளதான இருக்கு. அதுங்களைப் பார்த்துட்டுப் போக வந்தேன்னு சொல்லு.”

வாட்ச்மேன் திரும்பி நின்று பீடி பற்ற வைத்தார். அம்மா கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு ஒவ்வொரு பலகையாக இழுத்தாள், தட்டினாள், சிலதை எடுத்தாள், பலதைத் தள்ளினாள். நான் சுமந்தேன்.

கழுத்துக்கு எங்கள் பழைய கட்டிலின் கால். நல்ல கடினமான மரம். அம்மா அதைத் தன் உள்ளங்கை பிடிக்கும் பருமனுக்குச் செதுக்கினாள். பலகையைக் காலால் மிதித்துக்கொள்வாள், இழைப்புளியை வலது கையால் ஓட்டுவாள், இடது கையின் மூன்று விரலால் வழி மட்டும் காட்டுவாள். விரல் போன இடத்தில் இருந்த இரண்டு மொட்டைகளும் வந்து உட்காருவதற்கு, கழுத்தின் கீழ் ஓரத்தில் ஒரு சின்னப் படி விட்டாள். அப்படிப் பிடித்தால் கழுத்து நழுவவில்லை. அதை மட்டும் முதல் முறையிலேயே சரியாகச் செய்தாள்.

விரல் அழுத்தும் இடங்களைப் பிரிக்கும் குறுக்கு மெட்டுகளுக்கு, வெல்டிங் கடையில் வாங்கிய பித்தளைக் கம்பி. எந்த மெட்டு எங்கே வர வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுக் குறித்துக் கொடுத்தேன். நரம்புக்குத் தூண்டில் கடையில் கிடைக்கும் நைலான் இழை, நான்கு பருமனில். உடல் பகுதியை வளைவாகச் செய்யலாம், பலகையை வெந்நீரில் ஊறவைத்து வளைக்கலாம் என்றேன்.

“எனக்குப் பெட்டிதான் வரும். பெட்டியாவே இருக்கட்டும்.”

பெட்டியாகவே செய்தாள். நான்கு மூலையிலும் உள்ளே முட்டுக்கட்டை வைத்தாள். பசை போட்டாள், பசை மேல் திருகாணி போட்டாள். நான் நரம்பின் இழுவிசையைக் கணக்கிட்டேன். தாங்க வேண்டியதைப் போல் நான்கு மடங்கு தாங்கும்படி கட்டு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மேல்பலகைக்கு அடியில் குறுக்குச் சட்டங்கள் போடச் சொன்னேன். நான் சொன்ன எண்ணிக்கைக்கு மேலே அம்மா இன்னொன்றும் போட்டாள். இரண்டு பேருக்கும் பரம திருப்தி. அதன் மேல் ஏறி நிற்கலாம். நான் நின்றும் பார்த்தேன்.

நரம்பு கட்டி மீட்டினாள். டொக்.

மறுபடி மீட்டினாள். டொக் டொக்.

நரம்பை இறக்கினோம், ஏற்றினோம், மாற்றினோம். அந்தப் பெட்டி வாயைத் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மாமா வந்து நின்றார். துறைமுகம் வரை ஒரு சரக்கோடு போகிறார், வழியில் இறங்கியிருக்கிறார்.

“ரெடியா? வாசி பார்ப்போம்.”

அம்மா மீட்டினாள். மாமா எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வெளியே பார்த்தார்.

“என்ன அண்ணா?”

“யாரோ கதவைத் தட்டற மாதிரி கேட்டுச்சு.”

திரும்பி வந்து உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. நான் பிறந்ததிலிருந்து பார்க்காத முகம்.

“சரி பாப்பா. சரக்கை இறக்கிட்டு இந்த வழியாத்தான் திரும்புவேன். துணிமணியை எடுத்து வை. கூடவே கூட்டிட்டுப் போயிடறேன்.”

“வரும்போது வா. வாசிப்பேன்.”

“இதுலயா?”

“எதுலயாவது.”

அவர் போன பிறகு அம்மா பாத்திரங்களை உருட்டினாள். கதவை இடித்துச் சாத்தினாள். வீட்டில் எது கைக்கு அகப்பட்டாலும் ஒரு தட்டு. மேசை. சுவர் அலமாரி. காலி டப்பா. கடைசியாக அந்த வாத்தியத்தின் மேல்பலகையில் முஷ்டியால் ஒன்று வைத்தாள்.

“தொப். நல்ல பலகை,” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு அப்படியே நின்றாள்.

“என்னம்மா?”

“ஏய், நான் குப்பையில போய் நல்ல பலகையா பொறுக்கிட்டு வந்திருக்கேன்டி.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பெனி கழித்த குவியலிலும் அம்மா வேலை பார்த்திருக்கிறாள். சத்தம் எழுப்பும் பலகைகளை எல்லாம் தட்டிப் பார்த்துக் கழித்துவிட்டு, தவறிப்போய் உள்ளே விழுந்திருந்த ஊமைப் பலகைகளாகத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அந்த ஊமைகளுக்குத்தான் நான் கணக்குப் போட்டு முட்டுக் கொடுத்தேன். பெட்டி உடையக் கூடாது என்பதையே ஆயுள் முழுக்கச் செய்த ஒருத்தியும், பாலம் விழக் கூடாது என்பதையே படித்த இன்னொருத்தியும் சேர்ந்து, அசையவே அசையாத ஒரு வாத்தியத்தைக் கட்டியிருந்தோம்.

மறுபடி கம்பெனி வாசல்.

“அக்கா, இன்னைக்கு வேணாம். மேனேஜர் இங்கதான் சுத்திட்டு இருக்கார்,” என்றார் வாட்ச்மேன்.

“சுத்தட்டும். அவருக்கும் நடந்தா நல்லது.”

இந்த முறை அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பலகையையும் தட்டி, காதோரம் வைத்து, சத்தம் அடங்கும் வரை கேட்டாள். ணங். ணங். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார்.

“இங்க என்னம்மா பண்றீங்க?”

“உங்க பெட்டிக்கு ஆகாத பலகை சார். கவனக்குறைவா எடுத்துட்டுப் போறேன்.”

மேனேஜர் வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேன் வானத்தைப் பார்த்தார். மேனேஜர் உள்ளே போய்விட்டார். அம்மா மெதுவாக, தனக்கு வேண்டியதை எல்லாம் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினாள்.

பழைய பெட்டியிலிருந்து கழுத்தை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டோம். மேல்பலகையை அம்மா இழைக்கத் தொடங்கினாள். இழைத்துத் தட்டுவாள், மறுபடி இழைப்பாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மரத்துக்குள் சிவப்பாக ஒளி தெரியும் அளவுக்கு மெலிந்துவிட்டது.

“போதும்மா. நரம்பு இழுக்கும்போது உள்ள போயிடும்.”

“உடனேவா?”

“உடனே இல்ல. குதிரைக்குப் பின்னாடி மெல்ல உப்பும். முன்னாடி பள்ளம் விழும். ஒரு நாள் பிளந்துடும்.”

குதிரை என்பது நரம்புகள் ஏறி நிற்கும் சின்னக் கட்டை. முழு இழுப்பும் அதன் மேல்தான்.

“எத்தனை வருஷம் தாங்கும்?”

“சொல்ல முடியாது. சில வருஷம் தாங்கலாம்.”

“அப்புறம் என்ன? நான் என்ன கல்வெட்டா வெட்டறேன்?”

இன்னும் இரண்டு இழைப்பு இழைத்தாள். குறுக்குச் சட்டங்களில் தீக்குச்சி போல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டாள். திருகாணி கிடையாது. பசை போட்டு, சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்துச் சுற்றி இறுக்கி, மேலே செங்கல் வைத்து, காயும் வரை யாரும் பக்கத்தில் போகக் கூடாது என்றாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். எனக்குத்தான் அந்த உத்தரவு.

நரம்பு கட்டினாள். மீட்டினாள்.

எழுதக்கூடிய சத்தம் இல்லை அது. மெல்லியது, கொஞ்சம் மூக்கடைப்போடு வருவது. ஆனால் அறை முழுக்கப் போய், பின்கட்டு வரை போய்த் திரும்பியது. அம்மா கையை எடுத்த பிறகும் கேட்டது. அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “இதையெல்லாம் நான் எத்தனை வீசியிருப்பேன்.” அவ்வளவுதான். உடனே அடுத்த நரம்பைச் சுருதி சேர்க்க உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு விரலால் அழுத்தி எடுக்கக்கூடிய ஸ்வரச் சேர்க்கைகள் சில உண்டு. ஒரே விரலில் வருவதும் உண்டு. வீடியோவை நிறுத்தி நிறுத்தி அவற்றைப் பொறுக்கி எடுத்தாள். வராததை விட்டுவிட்டாள். விரல் நுனி கொப்பளித்தது, தோல் உரிந்தது. மொட்டைகள் படியில் அழுந்திச் சிவந்தன. ராத்திரி வலிக்கிறதா என்று கேட்டேன். “இல்லாத விரல்தான் வலிக்குது. அதை என்ன செய்ய, வலிக்கட்டும்,” என்றாள்.

மாமா பெரிய பெட்டியோடு வந்தார். அம்மாவின் துணிகளை வைக்க வீட்டிலிருந்து காலிப் பெட்டியே வரவழைத்திருந்தார். அதைக் கூடத்தில் நடுநாயகமாக வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சீக்கிரம் தட்டிக் காட்டு பாப்பா. வண்டி நிக்குது.”

அம்மா வாசித்தாள். பலகை அடுக்கும்போது அவள் வாய்க்குள் முனகும் மெட்டு அது, பேர் கிடையாது. பாதியில் விரல் தவறியது. நிறுத்தினாள். மாமா எழுந்தார்.

“உட்காருண்ணா. முடியலை.”

“அதான் பார்த்தேனே, முடியலைன்னு.”

“பாட்டு முடியலைன்னேன்.”

முதலிலிருந்து தொடங்கினாள். அதே இடத்தில் மறுபடி தவறியது. இந்த முறை நிறுத்தவில்லை. தவறியதோடேயே இழுத்துக்கொண்டு போய்க் கடைசி வரை வாசித்து முடித்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் பிறகு. “ஆனா தண்ணி கேனை யார் தூக்குவா?”

“அது பந்தயத்துல இல்ல.”

“உடம்பு சரியில்லாமப் போனா?”

“அதுவும் இல்ல.”

“கொடு இங்க.” வாங்கி மடியில் வைத்து நரம்பை அழுத்திப் பார்த்தார். உடனே கையை உதறினார். “என்ன பாப்பா இது, கத்தி மாதிரி இருக்கு!”

“உனக்கு விரல் அதிகம்ணா. அதான் இடிக்குது.”

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பிட்டார், இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார், கிளம்பினார். காலிப் பெட்டி வாசல் நிலையில் இடித்தது. மாடி ரூம் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. வாக்கு மாறாத மனிதர். அதையும் சொல்ல வேண்டும்.

அம்மா பெரிய கலைஞர் ஆகிவிடவில்லை. சாகும்வரை நான்கைந்து மெட்டுகள்தான் தெரியும், அதிலும் இரண்டு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஓர் இரும்புக் கடைக்குப் போய், ஆணி நிறுக்கும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். பாட்டில் மூடியைக் கதவிடுக்கில் கொடுத்துத் திறந்தாள். தண்ணீர் கேனைத் தூக்கவில்லை, உருட்டினாள். சாயங்காலம் பின்கட்டில் உட்கார்ந்து வாசித்தாள். கம்பெனியில் ரம்பத்துக்கு மூடி போட்டார்களா என்று வாட்ச்மேனைப் பார்க்கும்போதெல்லாம் விசாரித்தாள். இன்னும் இல்லை என்று தெரிந்தால் கேட்டில் நின்று, உள்ளே கேட்கும்படி சத்தமாக விசாரித்தாள். ஒருநாள் போட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் காலையில், சமையலறையில், அம்மாவின் இதயம் நின்றுபோனது. நான் ஒரு பால வேலையாக வெளியூரில் இருந்தேன். வேலைக்கு வரவில்லையே என்று இரும்புக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு எனக்குச் சொன்னார்.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு மாமா மட்டும் இருந்தார். உடைந்துபோயிருந்தார்.

“அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருக்கணும். என்கூட இருந்திருந்தா யாராவது பார்த்திருப்பாங்கல்ல?”

“பார்த்திருப்பாங்க மாமா. தினம் தினம் பார்த்துக்கிட்டே இருந்திருப்பாங்க. அதுக்காகத்தான் அம்மா வரலை.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினார். பிறகு சுவரில் மாட்டியிருந்த உகுலேலேயைக் காட்டினார்.

“அதை நான் எடுத்துட்டுப் போறேனேம்மா. கூடத்துல கண்ணாடி அலமாரியில வைக்கிறேன். நரம்பைத் தளர்த்தி வச்சா கெடாது, இல்ல?”

“ஆமாம். கெடாது.”

அது சரியான கணக்கு. எடுத்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே குதிரைக்குப் பின்னால் பலகை உப்பியிருந்தது. முன்னால் பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் மயிரிழை போல் ஒரு கோடு தொடங்கியிருக்கிறது. நரம்பைத் தளர்த்தினால் அந்தக் கோடு அங்கேயே நிற்கும். இறுக்கமாகவே விட்டால் போய்க்கொண்டிருக்கும். இன்னும் எவ்வளவு காலம் என்று என்னால் ஓரளவுக்குச் சொல்ல முடியும். சொல்லப் போவதில்லை.

“தர மாட்டேன் மாமா. உட்காருங்க.”

பிடித்தேன். என் கைக்கு அது சரிப்படவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் அந்தப் படியில் முட்டிக்கொண்டு நின்றன. இரண்டையும் மடக்கி உள்ளங்கைக்குள் வைத்தேன். கழுத்து வந்து உட்கார்ந்தது.

மூன்றாவது நரம்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. ஏற்றினேன்.